மண் எடுத்த வரிசை

பழைய சேலையை யாரோ நிதானமாகக் கிழிப்பது போலிருந்தது. ஒரு கிழிப்பு. கொஞ்ச நேரம் சும்மா. மறுபடி ஒரு கிழிப்பு. படுக்கையறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம், சுவரை ஒட்டியே. அமலிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஜெசிந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மூச்சைப் பிடித்தால் பால் நின்றுவிடுமோ என்று அதற்கும் ஒரு பயம் வந்து, மெதுவாக விட்டாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை, அது தன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. மத்தியானம் அடித்த காற்றில் போன கரண்ட் இன்னும் வரவில்லை. எமர்ஜென்சி விளக்கு மேஜையில் நீலமாக எரிந்தது, அந்த நீலத்தில் குழந்தையின் கன்னத்தின் மேல் கிடந்த தன் விரல்களே யாருடையவோ போலிருந்தன. யார் இந்த இருட்டில், மேல்மலைக் குளிரில், இங்கே வந்து நின்று துணி கிழிக்கிறாள்? கிழிக்கிறாள் என்றுதான் தோன்றியது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான், போன் அடித்தாலும், ஜீப் கதவு சாத்துகிற சத்தம் கேட்டாலும், பயந்து முழித்தாலும், முதலில் மனசுக்குள் வந்து நிற்பது ஒரு பெண்தான், முடியை உச்சியில் சுருட்டிக் கொண்டை போட்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு. அப்புறம் புஸ்ஸென்று ஒரு மூச்சு, நிறுத்திய லாரியிலிருந்து காற்று இறங்குவது மாதிரி, ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் புகைந்தது. காட்டுமாடு. புல்லைப் பறிக்கிறது, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் ஸ்டானிஸ் இதே ஜன்னலில் அவளை நிறுத்தி, பின்னால் நின்று தோளில் தாடையை வைத்துக்கொண்டு காட்டியிருக்கிறான். "பயப்படாத ஜெசி, அது பாட்டுக்கு மேயும். நாம இங்க இருக்கிறதே அதுக்குக் கணக்கில்ல." கணக்கில் இல்லாமல் இருப்பது அன்றைக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது.

இருட்டுவதற்குள் வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்டானிஸும் அந்தப் பெண்ணும் போனார்கள். வந்துவிடுவோம். இந்த 'வோம்' எப்போது வந்தது? முதலில் 'வந்துடுவேன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான், அதற்கு முன்னால் ஒரு காலத்தில் அவனும் அவளும் சேர்ந்து யாரிடமோ 'வந்துடுவோம்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள், அதே ஜீப், அதே பாதை, முன்சீட்டில் அவள். முதல் பருவத்து மண் முழுக்க அவள் எடுத்தது. வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில் மரங்களை வெட்டி எடுத்த சரிவு அன்றைக்கு மொட்டையாகக் கிடந்தது, வெட்டுப்பகுதி என்று பேர் வைத்ததே அவள்தான். அதற்கு மேலே, கை வைக்காத பழைய சோலைக்காடு கறுப்பாக நின்றது. வெட்டுப்பகுதியில் சோலை நாற்றுகளை நட்டாயிற்று, புல்லும் திரும்பிற்று, ஆனால் மண்ணுக்குள் இருந்த உயிர் திரும்பிற்றா? அதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒரு கரண்டி மண்ணை எடுத்து, அதில் வாழ்கிற, செத்த, கடந்துபோன எல்லாம் உதிர்த்துவிட்டுப் போன டி.என்.ஏ.வைப் பிரித்துப் படிக்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்து அம்மா போனில் கேட்டபோது அவள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், "யாரு வந்துட்டுப் போனாலும் மண்ணுல துளி விட்டுட்டுத்தாம்மா போவாங்க, நாங்க அதப் படிக்கிறோம்." அம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அப்ப மாப்பிள்ள சட்டையையும் ஒரு தடவ படிச்சிப் பாரு ஏட்டி." சிரித்தார்கள் இரண்டு பேரும். சிரிப்பு போய்விட்டது, பேச்சு தங்கிவிட்டது. குழந்தை பிறந்து இந்தக் கட்டிலோடு கிடக்கத் தொடங்கிய பிறகு அவள் எத்தனை முறை மனசுக்குள்ளேயே படித்துவிட்டாள், ஜீப்பின் முன்சீட்டை, பிளாஸ்க் மூடியை, அவன் ஸ்வெட்டரின் இடது தோளை. பஞ்சுக் குச்சியை ஈரம் பண்ணி, மூன்று முறை சுழற்றித் துடைத்து, குழாயில் போட்டு மூடி. கை தானாகவே அந்தச் சுழற்றலைச் செய்யும், காற்றில், பால் கொடுத்துக்கொண்டே. ஆனால் படித்தால் என்ன வரும் என்றும் அவளுக்குத்தான் தெரியும், அதுதான் கொடுமை. மிருதுளா இருப்பாள், இப்போது இவளுக்குப் பதில் ஸ்டானிஸோடு வேலை பார்க்கிற பெண். இருக்காமல் எப்படி, தினமும் அதே ஜீப்பில்தானே போகிறாள்? யார் இருந்தார்கள் என்று சொல்லும், என்ன நடந்தது என்று சொல்லாது, எப்போது என்றும் சொல்லாது. செத்தது எது, உயிரோடு இருப்பது எது என்றுகூடச் சொல்லாது. வாட்டில் மரத்தை வேரோடு பிடுங்கி மூன்று வருஷம் ஆன இடத்திலும் மண்ணைப் படித்தால் வாட்டில், வாட்டில், வாட்டில் என்றுதான் வருகிறது. அப்படியென்றால் அவன் ஸ்வெட்டரில் அவளும் வருவாள். ஜெசிந்தாவும் வருவாள். அதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது, வெட்டின மரம்கூடத்தான் வருகிறது.

பசி ஆறி அமலி உதட்டை விட்டாள், ஒரு சொட்டுப் பால் கன்னத்தில் வழிந்தது. ஜெசிந்தா அதைத் துடைக்கப் போய், துடைத்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த விரலைத்தான் வேண்டாம் என்றார்கள். வீட்டின் முன்னறைதான் லேப், ஒரு மேஜை, ஒரு பிரீசர், குழாய்களுக்கு ஒரு அலமாரி; குழந்தை பிறந்த பிறகும் நேரம் கிடைத்தபோது அவள் உள்ளே போய் ஒரு மூலையில் நிற்பாள், எதையும் தொடுவதில்லை, அந்த வாசனைக்காக. காட்டுக்குப் போகும்போது ஒரு குழாயில் வெறும் சுத்தத் தண்ணீரைக் கொண்டுபோய் அங்கே திறந்து மூடிக் கொண்டுவருவார்கள், பிளாங்க் என்று அதற்குப் பேர், நம் கை அழுக்கு எதுவும் மண்ணில் சேர்ந்துவிட்டதா என்று காட்டிக்கொடுக்க. போன பருவத்து முடிவுகள் வந்த அன்றைக்கு மிருதுளா சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்துவைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். "சார், இங்க பாருங்க, நம்ம பிளாங்குல அமலி பாப்பா வந்து உக்காந்துட்டு இருக்கா!" தாய்ப்பால் குடிக்கிற குழந்தைகளின் வயிற்றில் வாழ்கிற பாக்டீரியா. நடுக்காட்டில் திறந்த தண்ணீரில். ஸ்டானிஸ் சிரித்தான். ஜெசிந்தாவும் சிரித்தாள், அவள்தான் முதலில் சிரித்தாள் என்றுகூட நினைவு, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கின பிறகு அந்தப் பெண், கோயம்புத்தூர்ப் பெண், எதையும் உறைக்காமல் சொல்லத் தெரிந்த பெண், குழைவாகத்தான் சொன்னாள்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, இன்னிமேல் கொஞ்ச நாளைக்கு லேப்புக்குள்ள நீங்க வர வேண்டாமுங்க்கா. பாப்பா வேற உங்ககூடவே இருக்காளே." தப்பு இல்லை, சரியான பேச்சு, இவளாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் ஸ்டானிஸ் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? அந்தப் பிளாங்க் எடுத்த நாள் காலையில் குழந்தைக்குத் துணி மாற்றியது அவன். இவளுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை, அவன்தான் மாற்றினான், மாற்றிவிட்டு அப்படியே கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினான். அவனுக்கும் தெரியும். அவனுக்குத் தெரியும் என்று இவளுக்கும் தெரியும். மேஜைக்கு அந்தப் பக்கம் அவன் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே மோர் குடித்தான். அந்த மோர்க் குடிதான், அந்தத் தொண்டை ஏறி இறங்கினதுதான், அவர்கள் முத்தம் கொடுத்து இவள் பிடித்திருந்தால்கூட இவ்வளவு நாள் நினைவில் நிற்காது. இவள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும், புருஷன் ஒரு நாள் குழந்தைக்குத் துணி மாற்றினதைச் சபையில் சொல்லிக்காட்டுகிற பெண்டாட்டி. வெண்டைக்காயை நறுக்கி முடித்தாள்.

போன் துடித்தது. மூலையில் சிக்னல் ஒரு கோடு, இவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த மூலைக்கு ஓடினாள், எங்கே, என்ன ஆயிற்று, ஜீப் உருண்டுவிட்டதா, வாய் வரை வந்த எல்லாப் பயமும் அவன் குரல் கேட்டதும் அப்படியே புளித்து வேறு ஒன்றாக ஆனது. "ஜெசி, ரோட்டுல மரம் சாஞ்சு கெடக்கு. ஆளு வந்து அறுத்திட்டு இருக்காங்க. லேட்டாகும். நீ சாப்ட்டியா? பிள்ள?" காற்றின் இரைச்சல், ரம்பத்தின் இரைச்சல். "ஜன்னல் பக்கம் மாடு நிக்கிது," என்றாள். "அது போயிரும். கேளு, பகல்ல எடுத்த மண்ணு பிரீசர்ல இருக்கு, கரண்ட் இல்ல. இன்னைக்கே லிக்விட்ல போட்டாகணும், இல்லன்னா..." மண்ணில் இருப்பதை அப்படியே நிறுத்திவைக்கிற அந்த லிக்விட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். தோண்டியெடுத்த மண் பைக்குள் சும்மா இருக்காது. தின்னத் தெரிந்தது தின்னும், பெருகத் தெரிந்தது பெருகும், ஒரு ராத்திரியில் ஆளே மாறிவிடும், நாளைக்குப் படிப்பது காட்டை அல்ல, பையை. "நான் போட்டுடறேன்," என்றாள், என்ன சொல்கிறோம் என்று யோசிப்பதற்குள். அவன் பதில் வருவதற்குள் அவன் பக்கத்தில் ஒரு குரல், மிகப் பக்கத்தில், போனை இரண்டு காதுக்கும் நடுவில் பிடித்திருக்கிறார்களா என்று தோன்றுகிற அளவுக்குப் பக்கத்தில்: "அக்காவ உள்ள போக வேண்டாம்னு சொல்லுங்க சார், மறுபடியும் அந்த மாதிரி ஆயிருச்சுன்னா..." பிறகு அவன். "நீ ஒண்ணும் பண்ண வேண்டாம் ஜெசி. பிள்ளையப் பாத்துக்க. நாங்க எப்படியும் வந்துருவோம். வரலைன்னா போகட்டும்." கோடு போனது. போகட்டும். ஒரு பருவத்து மண் போகட்டும், நீ மட்டும் உள்ளே போகாதே.

குழந்தையை ஏப்பம் வரத் தட்டிக்கொண்டே அறைக்குள் நடந்தாள். சுவரிலிருந்து கட்டில், கட்டிலிலிருந்து சுவர். சொன்னதைக் கேட்டாலே போதும். இப்படி ஒரு யோசனை இவ்வளவு சுத்தமாக, இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மடிப்புக் கலையாமல் வந்து நின்றது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு விரலை அசைக்க வேண்டாம். குழந்தையைப் பார்த்துக்கொள், உள்ளே போகாதே, இரண்டையும் அப்படியே கேட்டு உட்கார்ந்திருந்தால் மண் கெட்டுவிடும், அந்தப் பெண்ணின் பருவம் போய்விடும், அவள் எழுதிக்கொண்டிருக்கிற கட்டுரையில் ஒரு பெரிய ஓட்டை விழும், யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கான்வென்டில் கீழ்ப்படிதலுக்கு வருஷா வருஷம் ஒரு பதக்கம் உண்டு, நீல ரிப்பனில் கோத்து மாட்டுவார்கள். ஒன்பதாம் வகுப்பில் அது அவளுக்குத்தான், சிஸ்டர் எமரென்சியா குத்தும்போது ஊசி தோளில் பட்டது, அதையும் அசையாமல் வாங்கிக்கொண்டாள். பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கும் வரிசையில் எதைச் சொல்வது என்று தெரியாமல் ஒவ்வொரு மாதமும் பொறாமைப்பட்டேன் சுவாமி என்று சொல்லிவைப்பாள், பட்டியலில் இருப்பதிலேயே சின்னதாக, பெண்பிள்ளைகளுக்கு ஏற்றதாக அது தெரிந்தது, பொய் சொன்னேன் என்று சொன்னால் என்ன பொய் என்று கேட்பார்கள், பொறாமைக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். இப்போது உண்மையிலேயே வந்திருக்கிறது, அதற்கு எத்தனை? அவளுக்கு மிருதுளாவின் மேல் கோபம்கூட இல்லை, அதுதான் வேதனை. நல்ல பெண், அமலிக்குக் கம்பளித் தொப்பி பின்னிக் கொடுத்தாள், இவளுக்கு இடுப்பு வலி என்றால் தைலம் தேய்த்துவிட்டாள். அவள் பூட்ஸ்மேல்தான் ஆத்திரம். வாசலில் கழற்றிப்போட்ட அந்தப் பூட்ஸின்மேல், காலையில் சேறாகப் போய் சாயங்காலம் வேறு சேறாக வருகிற அதன்மேல். இவள் புருஷனை அவள் எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு ராத்திரி நினைத்துப் பார்த்திருக்கிறாள், நினைத்த உடனே குழந்தையின் நெற்றியில் சிலுவை போட்டாள், பயத்தில். ஆனால் அந்த நினைப்பில் ஓர் இடம் வலிக்கவே இல்லை, வலித்தது வேறு இடம். அந்தச் சரிவு. அது தன்னுடையது.

கட்டிலில் உட்கார்ந்து, அமலியை மடியில் சாய்த்து, போனை எடுத்தாள். மத்தியானம் ஸ்டானிஸ் ஸ்டேட்டஸில் போட்டிருந்த போட்டோக்கள். எத்தனை தடவை பார்த்தாயிற்று, கணக்கில்லை, ஒவ்வொரு தடவையும் இரண்டு தோளுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி. முதல் படம், சோலைக்குள்: மிருதுளா ஆகரைப் பிடித்து நிற்கிறாள், மண்ணைக் குடைந்தெடுக்கிற இரும்புத் தண்டு, இவள் இடுப்பு உயரத்துக்கு வரும், அவளுக்கு மார் வரை, இலையெல்லாம் பனி, வெளிச்சம் சாய்வாகக் கோடு கோடாக இறங்குகிறது. எடுத்தது ஸ்டானிஸ், அவன் எடுத்தால்தான் முகம் இப்படி நடுவில் வரும். இரண்டாவது, வெட்டுப்பகுதி: இரண்டு பேரும், டிரைவர் எடுத்தது போலிருக்கிறது, நாற்றுகளுக்கு நடுவில், உச்சி வெயில், கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறார்கள், நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது, தோளுக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு சாண், இல்லை, அதற்கும் குறைவு, அவள் கையில் அதே ஆகர், காலில் அதே பூட்ஸ், பூட்ஸில் கறுப்பாக. கறுப்பாக ஏன்? வெட்டுப்பகுதி மண் சிவப்பு. மழையில் நனைந்தாலும் செங்கல் நிறம்தான், அவள் நகத்துக்குள் மூன்று மாதம் இருந்த மண். கறுப்பு சோலையினுடையது. விரல் நின்றது. முதல் படத்துக்குப் போனாள். சாய்வான வெளிச்சம், பனி. இரண்டாவது. உச்சி வெயில். முதலில் சோலை, அப்புறம் வெட்டுப்பகுதி. வரிசை தலைகீழ். மடியில் குழந்தை கனத்தது. எப்போதும் வெட்டுப்பகுதிதான் முதலில், சோலை கடைசி. அவள் வகுத்த வரிசை, முதல் நாளே ஸ்டானிஸுக்குச் சொன்னாள், குழந்தைகள் வார்டைப் பார்த்துவிட்டுத்தான் காய்ச்சல் வார்டுக்குப் போகணும், திருப்பிப் போனா காய்ச்சலக் கையோட கொண்டுட்டுப் போயிருவீங்க என்று. சோலை மண்ணில் கூட்டம் கூட்டமாக இருக்கிறது, மரவேரைப் பிடித்து வாழ்கிற பூஞ்சை இழைகள். வெட்டுப்பகுதி ஏழை, அங்கே ஒரு பூட்ஸில் ஒட்டின கறுப்பு போதும், ஆகரின் நுனியில் மண் ஏறுகிற சுரையில் தங்கின ஒரு சிட்டிகை போதும். போன பருவமும் இப்படித்தான் போனார்களா? போன பருவத்து முடிவில்தானே வெட்டுப்பகுதியில் சோலைப் பூஞ்சை திரும்பிவிட்டது என்று வந்தது, மூன்றே வருஷத்தில், யாரும் எதிர்பார்க்காத வேகத்தில், அதைத்தானே கட்டுரையாக எழுதுகிறார்கள், அதை வைத்துத்தானே அடுத்த மலைக்குப் பணம் கேட்டிருக்கிறார்கள், அன்றைக்குத்தானே ஸ்டானிஸ் கேக் வாங்கிவந்தான், முதல் துண்டை மிருதுளாவுக்கு ஊட்டப் போய், நினைவு வந்து, தட்டில் வைத்தான். திரும்பியிருக்கவே இல்லையோ? காட்டில் உயிர் திரும்பவில்லை, பூட்ஸில் ஏறி வந்திருக்கிறதோ?

நெஞ்சு அடித்துக்கொண்டது, அது சந்தோஷம் என்று தெரிந்ததும் வெட்கமாக இருந்தது. ஒரு மலை பிழைக்கவில்லை என்பதில் சந்தோஷமா? பொறு. பொறு ஜெசி. கழுவியிருக்கலாம். நடுவில் பிளீச்சிங் தண்ணீரில் முக்கிக் கழுவிவிட்டு, மறுபடி எங்கோ ஓடையில் மிதித்திருக்கலாம். கறுப்பு வெறும் நிழலாக இருக்கலாம். இத்தனை மாதமாக இந்தப் போட்டோக்களில் கள்ளத்தனத்தைத் தேடின கண் இது, தேடினதைக் கண்டுபிடிக்கிற கண், இதை நம்பலாமா? பொறாமை இல்லாமலிருந்தால் இந்தப் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு ஒரு ஹார்ட் போட்டிருப்பாள், பூட்ஸின் நிறத்தைப் பார்த்திருக்க மாட்டாள். பொறாமைதான் பார்த்தது. பார்த்தது பொய்யாகிவிடுமா அதனால்? அறிவும் பொறாமையும் ஒரே குழாயில் கலந்துகிடந்தால் இது வேறு அது வேறு என்று பிரித்துப் படிக்க அவளுக்கு எந்த முறையும் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. ஆனால் பூட்ஸைப் பிரித்துப் படிக்கத் தெரியும். ஆகரைப் படிக்கத் தெரியும். மத்தியானம் மண்ணை இறக்கினபோது ஆகரையும் வராந்தாவில் சாய்த்துவிட்டுத்தான் மறுபடி சோலை ஓடைக்குப் போனார்கள், கழுவாமல். கடைசியாக அது குடைந்தது சிவப்பு மண்ணை. அதன் அடியில், சுரையின் உள்மடிப்பில், சோலைக் கறுப்பு இருக்குமானால், அதைச் சுரண்டி ஒரு தனிக் குழாயில் போட்டு, மற்றதோடு சேர்த்து அனுப்பினால் தெரிந்துவிடும். அதற்கு முதலில் மற்றது கெடாமல் இருக்க வேண்டும். பாரேன், இப்போது அந்தப் பெண்ணின் மண் கெட்டுவிடக் கூடாது என்று இவளே தவிக்கிறாள். எழுந்தாள். முடியை இறுக்கி முடிந்து துணியால் கட்டினாள், பால் வாசனை அடிக்கிற நைட்டியைக் கழற்றிவிட்டுத் துவைத்த சுடிதாரை மாட்டினாள், முழங்கை வரை சோப்புப் போட்டாள், பச்சைத்தண்ணீர் எலும்புக்குள் இறங்கியது. எல்லாம் ஆனது. அமலி முழித்துக்கொண்டாள். தனியாக விட முடியாது. தூக்கினால் கழுவினதெல்லாம் வீண். கட்டிலில் கிடத்தி, மார்போடு சேர்க்காமல், குனிந்து நின்று தட்டிக்கொடுத்தாள், ஒரு ஆராரோ பாதியில் நின்றது, மறுபடி பாடினாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மாடு எப்போதோ போயிருந்தது, அது போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

ஜீப் வெளிச்சம் சுவரில் ஏறி, கர்த்தர் படத்தைத் தாண்டி, மூலைக்குப் போய் அணைந்தது. ஸ்டானிஸ் உள்ளே வந்தான், தலையெல்லாம் மரத்தூள். "உயிர் போச்சு ஜெசி. அந்த மரத்த அறுக்கிறதுக்குள்ள ரம்பம் ரெண்டு தடவ நின்னுபோச்சு. என்ன இது, எங்க கெளம்புன?" அவள் கட்டியிருந்த தலைத்துணியைப் பார்த்தான். வாசலில் பூட்ஸை உதறுகிற சத்தம், பிறகு மிருதுளா, குளிரில் மூக்கெல்லாம் சிவந்து, "அய்யோ அக்கா, தனியா பயந்துட்டீங்களா? மாடு வந்துச்சுன்னு சார் சொன்னாங்க. நீங்க படுங்க, நான் போயி அந்த மண்ண லிக்விடுல போட்டுட்டு வந்தர்றேன்." லேப் கதவுப் பக்கம் அவள் ஓர் அடி வைத்துவிட்டாள். ஜெசிந்தா குழந்தையைக் கட்டிலிலிருந்து துணியோடு அள்ளி, கை நீட்டி, ஸ்டானிஸிடம் கொடுத்தாள். "பிடிங்க." அவன் பிடித்தான். "காலையில எங்க போனீங்க மொதல்ல?" குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு மெதுவாக வந்தது. பதில் சொன்னது மிருதுளா, சந்தோஷமாக, கேட்டார்களே என்ற சந்தோஷம்: "சோலைக்குத்தானுங்க்கா! மத்தியானம் ஆச்சுன்னா மஞ்சு எறங்கிருது, ஒண்ணும் தெரியறதில்ல. போன தடவையும் அப்பிடித்தான் போனோம், இல்லீங்க சார்?" ஸ்டானிஸ் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினான். ஜெசிந்தா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நடுவுல பூட்ஸ்? ஆகர்?" "தொடச்சோமே அக்கா. துணி வெச்சு நல்லா." சொல்லிக்கொண்டே வரும்போதே மிருதுளாவின் குரல் தேய்ந்தது, புத்திசாலிப் பெண்தான், ஆனால் அவள் முகத்தில் வருவதற்கு முன்னாலேயே ஸ்டானிஸ் முகத்தில் வந்துவிட்டது. இவள் இத்தனை மாதமாகச் சட்டையிலும் சீட்டிலும் தேடின முகம், பிடிபட்ட முகம். அதற்குக் காரணம் ஒரு பெண் இல்லை, ஒரு வரிசை. அவனுக்குத் தெரிந்த வரிசை. "ஜெசி," என்றான், "காலையில பேசிக்கலாம். பணம் அனுப்புற எடத்துக்கு ஏற்கனவே எழுதியாச்சு. நீ இப்ப களைச்சிருக்க." "காலையில மண்ணு மாறிரும்," என்றாள். "அப்ப அவளாவது போட்டுட்டு வரட்டுமே." "அவ சாயங்காலம் வரைக்கும் சோலை ஓடையில நின்னுட்டு வந்திருக்கா. உடம்பெல்லாம் சோலை. அவளும் நீங்களும் உள்ள வந்தா செவப்பு மண்ணு கறுப்பாயிரும்." மிருதுளா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், அழுதுவிடுவாள் போலிருந்தது. "அக்கா, நான் தெரிஞ்சு..." "தெரியும்டி," என்றாள் ஜெசிந்தா. முதல் தடவையாக அவளை 'டி' போட்டாள், அது அன்பா வேறெதுவுமா என்று யோசிக்க நிற்கவில்லை.

வராந்தாவுக்குப் போய் ஆகரைக் கைப்பிடியில் மட்டும் பிடித்துத் தூக்கினாள், சுத்தமான பிளாஸ்டிக் பை ஒன்றை அதன் நுனியில் மாட்டி இறுக்கினாள், குழந்தைக்கு சாக்ஸ் மாட்டுவது போல. பழைய கனம். உள்ளே வந்து லேப்புக்குள் வைத்துவிட்டுத் திரும்பும்போது அமலி வீரிட்டாள், அப்பாவின் ஜாக்கெட் ஈரமாக இருந்திருக்கும். அந்த வீரிடலுக்கு அவள் உடம்பு பதில் சொன்னது, சுடிதாரின் முன்பக்கம் இரண்டு இடத்தில் வெதுவெதுப்பாக ஊறியது. அவசரமாகத் துண்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய வெள்ளைக் கோட்டை எடுத்து மேலே மாட்டினாள், மிருதுளாவினுடையது, கை நீளம். கதவிடுக்கில் அவர்கள் தெரிந்தார்கள். நீல வெளிச்சத்தில் ஸ்டானிஸ் குழந்தையை ஆட்டுகிறான், தப்பாக, கழுத்தைத் தாங்காமல், மிருதுளா கை நீட்டி, தொடாமல் நிறுத்தி, பிறகு பொறுக்காமல் கழுத்துக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுக்கிறாள். "சார், இப்பிடி, இப்பிடிப் புடிங்க." இரண்டு தலையும் குழந்தையின் மேல் குனிந்து ஒன்றாகின. கான்வென்ட் வராந்தாவில் இருந்த திருக்குடும்பப் படம். இதைத்தான் பயந்தாள். எத்தனையோ ராத்திரி கண்ணை மூடினால் வந்து நின்ற படம் இதேதான், அவன், அவள், நடுவில் தன் பிள்ளை, தான் எங்கேயும் இல்லை. கடைசியில் அதை யாரும் செய்யவில்லை, தன் கையாலேயே குழந்தையை எடுத்துக் கொடுத்து இப்படி நிறுத்தியிருக்கிறாள். போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம். ஐந்து நிமிஷம் கொடுத்து உறங்கவைத்துவிட்டு வரலாம். அமலியின் அழுகை கேவலாகி, கேவல் விக்கலாகி, ஏதோ ஒரு குரலின் கொஞ்சலுக்கு, யாருடைய குரல் என்று அவள் பார்க்க விரும்பவில்லை, மெல்ல இறங்கியது. பார்த்தால் போய்விடுவாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் மலை ஈரத்தில் உப்பின கட்டையில் பாதி போய் நின்றது. கையுறை போடுவதற்கு முன்னால் தொட வேண்டியது இது ஒன்றுதான். தோளைக் கொடுத்துக் கதவை ஒரு தூக்குத் தூக்கி, உள்ளங்கையால் அடித்தாள், முழுசாகப் போய் விழுந்தது.